கையெழுத்துக்கு முன் வெட்டிய பள்ளம்

மாங்குளம் சந்தியைத் தாண்டித் தெற்கே நடந்துகொண்டிருந்தபோது இடது செருப்பின் வார் அறுந்தது. மற்றதையும் கழற்றிப் பைக்குள் போட்டேன். ஒற்றைச் செருப்போடு போகிறவனை நாய்கள்கூட ஒரு மாதிரிப் பார்க்கும். வவுனியா பஸ்கள் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டுதான் இருந்தன. ஏறியிருக்கலாம். எங்கே இறங்கப் போகிறாய் என்று நடத்துநர் கேட்பார். இறங்குவதற்கு அன்றைக்கு எனக்கு ஓர் ஊர் இருக்கவில்லை.

தோளில் அலவாங்கு, இறுகிய மண்ணைக் குத்திக் கிளப்புகிற இரும்புக் கம்பி. பைக்குள் மண்வெட்டித் தகடு, பிடி இல்லாமல். பிடி எந்த ஊரிலும் கிடைக்கும். சுமந்து திரிய வேண்டியதில்லை.

துணுக்காயில் வீட்டுத்திட்ட வீடுகளுக்கு மலசலகூடக் கிடங்கு, அதாவது கழிவுக் குழி, வெட்டிவிட்டு வந்துகொண்டிருந்தேன். கடைசி வீட்டுக் கிடங்கும் முடிந்திருந்தது. வீட்டுக்காரர் நல்ல மனிதர், அறுவடை வரைக்கும் நில்லும் என்றார். நான் நிற்கவில்லை. முடிந்த வேலைக்குப் பக்கத்தில் நிற்பது எனக்குப் பழக்கமில்லை.

எட்டாம் வகுப்பில் என் பள்ளிக்கூடம் ஒரு பக்கம் இடம்பெயர்ந்தது, நான் இன்னொரு பக்கம் இடம்பெயர்ந்தேன். பிறகு நாங்கள் இருவரும் சந்திக்கவில்லை. படிப்பு அவ்வளவுதான். ஆனால் அரசாங்கக் காசு எப்படி வரும் என்பதைக் கிடங்குகளுக்குள் நின்றே படித்துவிட்டேன். அது ஒரேயடியாக வராது. அத்திவாரம் போட்டால் ஒரு பங்கு, சுவர் எழும்பினால் ஒரு பங்கு, கூரை ஏறினால் இன்னொன்று. கழிவு போகிற கிடங்கு முடிந்தால்தான் கடைசிப் பங்கு. அதனால் கிடங்கு வெட்டுகிறவனை எல்லோரும் கடைசியில்தான் தேடுவார்கள். தேடும்போது ஓடி வந்து தேடுவார்கள். அந்தத் தொழிலில் நான் வேலையில்லாமல் அதிகம் இருந்ததில்லை.

கனகராயன்குளத்துக்குக் கிட்ட வந்தபோது வெயில் உச்சியைத் தாண்டியிருந்தது. பெரிய ரோட்டிலிருந்து ஒரு கிறவல் ஒழுங்கை, சரளைமண் போட்ட சின்னப் பாதை, பிரிந்தது. அதன் ஓரம் முழுக்கப் புதுமண் குவிந்து கிடந்தது. புதுமண்ணைக் கண்டால் என் கால் தானாகத் திரும்பும்.

குழாய் தாழ்க்க வெட்டிய பள்ளம் அது. கூலிக்காரர் வெட்டியதில்லை என்று பார்த்தவுடன் தெரிந்தது. ஒவ்வொரு வீட்டு வாசல் படலைக்கு முன்னாலும் வேறு வேறு கை. ஒரு வீட்டின் முன்னால் கயிறு பிடித்தது போல நேராக இருந்தது. அடுத்த வீட்டின் முன்னால் இடுப்பளவு ஆழம், தேவையில்லாத வீரம். அதற்கடுத்த வீட்டுக்காரர் முழங்கால் அளவோடு நிறுத்திவிட்டு மண்ணை மட்டும் உயரமாகக் குவித்து வைத்திருந்தார். ஒழுங்கை ஒரு பாலை மரத்தடியில் வளைந்தது. பள்ளம் அந்த வளைவோடு நின்றுவிட்டது. வளைவுக்கு அப்பாலும் கூரைகள் தெரிந்தன. வேலை மிச்சம் இருக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டு, பாலை மரத்துக்கு எதிர்ப்படலையில் நின்று தண்ணீர் கேட்டேன்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தார். முதலில் அலவாங்கைப் பார்த்தார், பிறகு காலைப் பார்த்தார்.

"செருப்பு எங்கை தம்பி?"

"பையுக்கை இருக்கு அக்கா."

"பைக்குப் போடவோ செருப்பு வாங்கினனீர்? வாரும் உள்ளுக்கு."

குசினி வாசலில் ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரும், பக்கத்தில் மூடி போட்ட வெள்ளைக் கலனும் இருந்தன. அவர் கலனைச் சரித்து, அடியில் கிடந்ததைச் செம்பில் வார்த்துத் தந்தார். மாமர நிழலில் கதிரை போட்டு இருந்த அவருடைய கணவர், அந்த வீட்டு அண்ணை, அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. வாய் நல்ல சுகமாக இருந்தது.

"ஆளுக்குக் கிணத்துத் தண்ணியைக் குடுத்தா என்ன? ஒருநாள் குடிச்சுச் சாகமாட்டார். நான் பிறந்ததிலை இருந்து குடிச்சுத்தானே இப்ப கிட்னி போகுது."

"உங்கடை வாயை மட்டும் அந்த வருத்தம் தொடேல்லை," என்றார் அக்கா.

அந்தப் பக்கத்துக் கிணறுகளை எனக்குத் தெரியும். தண்ணீர் கண்ணாடி போல இருக்கும். கொதிக்க வைத்தால் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படை பிடிக்கும். அதைச் சுரண்டிச் சுரண்டியே கேத்தில் ஓட்டையாகிவிட்டது என்று கிழவிகள் சொல்லுவார்கள். வயலில் வேலை செய்கிற ஆண்கள் பலருக்குச் சிறுநீரக வருத்தம். அண்ணை கிணற்றுத் தண்ணீரைத் தொடவே கூடாது என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அக்கா சைக்கிளில் பெரிய ரோட்டுக் கடைக்குப் போய், கலனில் வடிகட்டிய தண்ணீர் வாங்கிக்கொண்டு வருவார். வழியில் கலன் சரிந்தால் அன்றைக்கு அண்ணை தாகத்தோடுதான்.

"மகள் வவுனியாவுக்கு வரச்சொல்லி நிக்கிறாள்," என்றார் அக்கா. "அங்கை குழாய்த் தண்ணி. இந்த முறை ஊருக்குத் தண்ணி வடிக்கிற மெசின் வராட்டி வளவைப் பூட்டிப்போட்டுப் போறதுதான்."

"நீ போ. நான் போகமாட்டன்," என்றார் அண்ணை. "இடம்பெயர்ந்தது காணும் எனக்கு. சண்டைக்கு ஓடினம், சரி. தண்ணிக்கும் ஓடுறதோ?"

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை. ஊரின் நீர்ப் பாவனையாளர் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. அரசாங்கம் கிராமத்துக்குத் தண்ணீர் வடிகட்டும் இயந்திரம் தருகிற திட்டத்தில் இந்த ஊரின் பெயர் இருந்தது. நாளையோடு இந்த வருடத்துக்கான ஒப்பந்தங்கள் முடிகின்றன. நாளைக்குக் கையெழுத்து விழாவிட்டால் இயந்திரம் அடுத்த ஊருக்குப் போய்விடும். அதற்கு முன் இன்றைக்குத் தண்ணீர் அலுவலகத்திலிருந்து ஓர் அலுவலர் வந்து கடைசியாகப் பேசப் போகிறார். அக்கா சேலையை மாற்றிக்கொண்டு வெளிக்கிட்டார். அண்ணையும் எழும்பினார். நானும் பின்னால் போனேன். கூட்டம் என்றால் தேத்தண்ணி இருக்கும், வடையும் இருக்கக்கூடும்.

பொதுநோக்கு மண்டபத்தில் வடை இருந்தது. அலுவலர் இளம்பெண். ஹெல்மெட்டை மேசையில் வைத்துவிட்டு நின்றபடியே பேசினார். நான் கேட்ட அலுவலர்களில் இவ்வளவு தெளிவாக ஒருவரும் விதி சொன்னதில்லை.

இயந்திரத்தையும் அதற்கான கட்டடத்தையும் குழாயையும் அரசாங்கம் தரும். பள்ளம் வெட்டித் தருவது ஊரின் பங்கு. ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்த பிறகு செய்த உழைப்பு மட்டும்தான் பங்காக எண்ணப்படும். இயந்திரம் ஒரு பக்கத்தால் நல்ல தண்ணீரைத் தரும்போது மறுபக்கத்தால் கெட்ட தண்ணீரைத் தள்ளும். கிணற்றில் இருந்த உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில் திரண்டு வரும். அதை வயலுக்கும் விடக்கூடாது, குளத்துக்கும் விடக்கூடாது. எல்லாக் கிணறுகளிலிருந்தும் தள்ளி, அடியும் பக்கமும் சீமெந்து பூசிய ஒரு கிடங்கு வேண்டும். அந்தக் காணிக்காரரின் சம்மதம் வேண்டும். கிடங்கு முடியாமல் இயந்திரத்துக்கான காசு வராது.

கிடங்கு என்றதும் நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

ஆனால் ஊரின் காதில் கிடங்கு விழவில்லை. சிவப்புச் சாரம் கட்டிய ஒருவர் எழும்பினார். இடுப்பளவு வெட்டிய வீரர் இவர்தான் என்று பிறகு தெரிந்தது.

"மிஸ், பள்ளத்துக்கு யோசிக்காதையுங்கோ. நாங்கள் போன கிழமையே ஊராக் கூடிச் சிரமதானம் போட்டு, கூலி இல்லாமல் வெட்டி முடிச்சிட்டம்!"

பின்வரிசையில் கைதட்டினார்கள். அலுவலர் தட்டவில்லை.

"வரேக்கை பாத்தனான் ஐயா. அதுதான் பிரச்சினை."

"ஏன், ஆழம் காணாதோ? இவன்ரை வாசல்லை காணாதுதான். என்ரை வாசல்லை வந்து இறங்கிப் பாருங்கோ, ஆள் தாழும்."

"ஆழமில்லை ஐயா. ஒப்பந்தத்துக்கு முன்னம் செய்த வேலையை ஊரின்ரை பங்கெண்டு நான் எழுதேலாது. பள்ளத்துக்கை குழாய் போடலாம். ஆனா பங்குக் கணக்கிலை அது வராது. பங்கு இல்லாட்டி ஒப்பந்தமும் இல்லை."

கொஞ்ச நேரம் ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. மண்டபம் இரைந்தது. ஒரு பெண் எல்லாச் சத்தத்துக்கும் மேலால் கத்தினார்:

"அப்ப பள்ளம் இல்லையெண்டோ எழுதப்போறியள்? நான் நேற்று அதுக்கை விழுந்து எழும்பினனான். இல்லாத பள்ளத்துக்கை எப்பிடி மிஸ் விழுறது?"

"பள்ளம் இருக்கு அம்மா. எண்ணேலாது, அவ்வளவுதான்."

"ஒரு திகதியை மாத்தி எழுதுங்கோவன்," என்றார் சிவப்புச் சாரம், குரலைத் தாழ்த்தி.

"எழுதலாம். பிறகு கணக்காய்வுக்கு வருவினம். நீங்கள் பள்ளத்துக்கை நிண்டு மண்வெட்டியோடை படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினியள். எனக்கும் வந்தது. நானும் கைதட்டுற படம் ஒண்டு திருப்பி அனுப்பினனான்."

அக்கா திரும்பிக் கணவரைப் பார்த்தார். படம் எடுத்து அனுப்பினவர் அண்ணைதான். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்தச் சனத்தில் கோபம் வரவில்லை. நானும் அந்தச் சனம்தான். எங்கள் ஆட்கள் ஓர் இடத்தில் போய் இறங்கினால் முதலில் தோண்டுவார்கள். அடுப்பு மூட்டுவதற்கு முன், தறப்பாள் கட்டுவதற்கு முன். முதலில் பதுங்கு குழி, பிறகு மலசலகூடக் கிடங்கு, பிறகு கிணறு. தோண்டாமல் யோசித்துக்கொண்டு நின்றவர்களின் கதையை இங்கே யாரும் விரித்துச் சொல்வதில்லை. சண்டை முடிந்து இத்தனை வருடங்களுக்குப் பிறகும், ஒரு நல்லது வரப்போகிறது என்று கேள்விப்பட்டால் எங்கள் கை மண்வெட்டியைத்தான் தேடுகிறது. கையெழுத்து ஆகட்டும் என்று காத்திருக்க எங்களை யாரும் பழக்கவில்லை. கொழும்பில் இருந்து விதி எழுதினவர்களுக்கு இப்படி ஒரு சனம் இருப்பது தெரிந்திருக்காது. அந்த அலுவலருக்குத் தெரிந்திருந்தது. பேச்சைக் கேட்டால் இந்தப் பக்கத்துப் பிள்ளைதான். அதனால் அவர் கத்தவில்லை. நெற்றியை மட்டும் தடவிக்கொண்டார்.

"எல்லாத்தையும் மூடிப்போட்டு நாளைக்குத் திரும்ப வெட்டுவம்," என்றார் அண்ணை கூரையிலிருந்து கண்ணை எடுத்து. "ஒரு பள்ளத்துக்கு ரெண்டு சிரமதானம். இந்த முறை நான் படம் எடுக்கமாட்டன்."

மண்டபமே சிரித்தது. அலுவலரும் சிரித்துவிட்டார். பிறகு சொன்னார்: "அது ஏமாத்து அண்ணை. நான் பாத்துக்கொண்டு நிண்டு எழுதேலாது. புது வேலை காட்டுங்கோ, எழுதுறன். முதல்லை கிடங்குக்கு இடம் சொல்லுங்கோ. அதுவும் இல்லாட்டி நான் இப்பவே ஹெல்மெட்டைப் போடவேண்டியதுதான்."

இடம் எது என்பது எல்லோருக்கும் தெரியும் போலிருந்தது. தலைகள் ஒவ்வொன்றாகப் பின்பக்கம் திரும்பின. அங்கே கதவு நிலையில் சாய்ந்துகொண்டு மெலிந்த ஒரு மனிதர் நின்றார். வளைவுக்கு அப்பால் தெரிந்த கூரைகள் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களுடையவை. அவர் அந்த வரிசையின் கடைசி வீட்டுக்காரர். அவருடைய காணியின் பின்பக்கம் ஒரு கிறவல் துண்டு. புல்லும் முளைக்காது, எந்தக் கிணறும் கிட்ட இல்லை.

அவர் நிலையை விட்டு நிமிர்ந்தார்.

"நல்ல தண்ணிக் கொழாய் எங்க பக்கம் வராதுங்க. வளைவோட நின்னிருச்சு. கெட்ட தண்ணி மட்டும் எங்க பக்கம் வரணுமா?"

"உங்களுக்கு அப்ப காணிப் பேர்மிட் இல்லைத்தானே," என்றார் சிவப்புச் சாரம். "பேர்மிட் இல்லாத வீட்டைத் திட்டத்திலை போடேலாது எண்டது விதி. நாங்களோ செய்தது?"

"பேர்மிட் வந்து ஒரு வருசமாச்சுங்க. யாரும் வந்து கேக்கல."

"இந்த நேரத்திலை கதைக்கிற கதையோ அது?"

"இப்பத்தானே எங்கிட்ட ஒண்ணு கேக்குறீங்க. இதுவரைக்கும் எங்கிட்ட கேக்குறதுக்கு என்ன இருந்துச்சு?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் முகத்தில் வெட்கமும் கணக்கும் சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் கிறவல் துண்டு கிடைக்காவிட்டால் வளவைப் பூட்டிவிட்டுப் போகவேண்டியது அவர்தான். இருந்தாலும் அவர் அந்த மனிதரிடம் கெஞ்சவில்லை. அலுவலரிடம் திரும்பினார்.

"மிஸ், வளைவுக்கு அங்காலை ஒருத்தரும் இன்னும் ஒரு கொத்துக்கூடக் கொத்தேல்லை. அந்த வீடுகளைச் சங்கத்திலை சேர்த்து, அவையின்ரை வாசல் வரைக்கும் பள்ளத்தை நீட்டினா, அது எண்ணுப்படுமோ?"

அலுவலர் பேனையைக் கீழே வைத்தார். அண்ணையும் கதிரையில் முன்னால் நகர்ந்தார்.

"கையெழுத்துக்குப் பிறகு வெட்டினா, ஓம். அது புது வேலை. பேர்மிட் இருந்தா வீடுகளையும் சேர்க்கலாம், குழாயையும் கூட்டிக் கேக்கலாம். கிடங்கு மண் அள்ளுறதையும் அதோடை சேர்த்தா ஊரின்ரை பங்குக்குக் காணும்."

"அப்ப நாங்கள் வெட்டி நாறினது?" என்றார் சிவப்புச் சாரம்.

"அது எங்கடை வாசலுக்கு நாங்கள் வெட்டினது," என்றார் அக்கா. "இனி அவையின்ரை வாசலுக்கு வெட்டுவம். முறைதானே?"

மெலிந்த மனிதர் இன்னும் கதவடியிலேயே நின்றார். "கையெழுத்து வச்சா நெலம் கைய விட்டுப் போகாதுல்ல, மிஸ்?"

"போகாது அண்ணன். காணி உங்கடை பேரிலைதான் இருக்கும். கிடங்குக்குப் பாவிக்க மட்டும் சம்மதம். விதானையாருக்கு முன்னாலை வாசிச்சுக் காட்டித்தான் கையெழுத்து எடுப்பன்."

"நல்ல தண்ணி மொதல்ல வரட்டும். கெட்ட தண்ணி அதுக்குப் பின்னால வரட்டும்."

"மெசினை ஒரு பக்கம் மட்டும் போடேலாது. போட்டா ரெண்டும் ஒண்டாத்தான் வரும்."

அவர் யோசித்தார். அவசரப்படவில்லை. அந்த மண்டபத்தில் அன்றைக்கு அவசரப்படாத ஆள் அவர் ஒருவர்தான்.

"சரி. அப்ப எங்க பள்ளம் மொதல்ல. கெடங்கு பெறகு."

"நாளைக்கு முழு ஊரும் உங்கடை வாசல்லைதான் நிக்கும்," என்றார் அக்கா. அது வாக்குறுதி மாதிரியும் இருந்தது, ஊருக்குப் போட்ட கட்டளை மாதிரியும் இருந்தது.

அலுவலர் ஹெல்மெட்டை எடுத்தார். நாளைக் காலை ஒப்பந்தத்தோடும், கிராம அலுவலரான விதானையாரோடும் வருவதாகச் சொன்னார். போகும்போது, கிடங்கு வெட்டத் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும், அதற்குக் கூலி திட்டத்தில் இருக்கிறது, சங்கமே ஆள் பிடிக்கலாம் என்றார்.

"ஆள் இருக்கு," என்று அண்ணை என்னைக் காட்டினார். "செருப்பு மட்டும்தான் இல்லை."

நான் மறுக்கவில்லை. கிடங்கு வெட்டுகிறவனை ஓடி வந்து தேடுவார்கள் என்று சொன்னேனே. இந்த ஊரில் தேடி ஓடக்கூட வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு மண்டபத்து விறாந்தையில் படுத்தேன். அக்கா புட்டும் ஒரு பழைய சோடிச் செருப்பும் அனுப்பியிருந்தார். செருப்பு அண்ணையுடையது, கால் வீங்கியதிலிருந்து அவரால் அதைப் போடமுடியவில்லை.

விடிந்ததும் கிறவல் துண்டைப் பார்க்கப் போனேன். பாலை மரத்தடிக்கு வந்து நின்றுவிட்டேன். ஊர் முழுக்க அங்கே நின்றது. மண்வெட்டி, அலவாங்கு, கூடை, தகரம். சிவப்புச் சாரம் இன்றைக்கு நீலச் சாரம் கட்டியிருந்தார். மண்வெட்டியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். மலையகத்து மனிதரும் அவருடைய வரிசைக்காரரும் தங்கள் வாசல்களில் நின்றார்கள். அவருடைய மனைவி ஒரு சட்டி நிறையத் தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தார். எல்லாம் இருந்தது. அலுவலர் மட்டும் வரவில்லை. பெரிய ரோட்டுப் பக்கம் மோட்டார் சைக்கிள் ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா என்னைக் கண்டதும் வேகமாக வந்தார். அவர் கண்கள் மண்வெட்டிகளின் மேலேயே இருந்தன.

"தம்பி, உம்மடை தொழில் கிடங்கு, எனக்குத் தெரியும். ஆனா உமக்கு முதல் வேலை இதுதான். மிஸ் வந்து கையெழுத்து விழும்மட்டும் ஒருத்தரையும் ஒரு கொத்துக் கொத்த விடக்கூடாது. நான் சொன்னாக் கேக்கமாட்டினம். ஒருத்தன் எனக்கு மச்சான், ஒருத்தன் சித்தப்பா. நீர் வெளியாள். உம்மோடை ஒருத்தருக்கும் உறவுமில்லை, பகையுமில்லை. ஏலுமோ?"

"ஏலும் அக்கா."

"கூலி இதிலையிருந்தே தொடங்குது."

எத்தனையோ இடங்களில் மண்ணை வெட்டக் கூலி வாங்கியிருக்கிறேன். வெட்டாமல் பார்த்துக்கொள்ள என்னை யாரும் வேலைக்கு வைத்ததில்லை. பள்ளம் நின்றுபோன இடத்தில், வளைவுக்குக் குறுக்காக, என் அலவாங்கைக் கிடத்தினேன். அதற்குப் பின்னால் அண்ணையின் செருப்போடு நின்றேன். யாரோ கேட்காமலே நீளக் கயிறு ஒன்றைக் கட்டி நேர் பார்க்கத் தொடங்கினார்கள். கயிறு கட்டுவது தோண்டுவதில்லை என்று தீர்மானித்து அதை விட்டுவிட்டேன்.

அண்ணை மெல்ல மெல்ல நடந்து வந்தார். கையில் ஒரு சின்ன மண்வெட்டி.

"நான் வெட்ட வரேல்லை. மண் எப்பிடியெண்டு பாக்க வந்தனான்."

"கண்ணாலை பாருங்கோ அண்ணை."

அவர் சிரித்துக்கொண்டு மண்வெட்டியைத் தலைகீழாக ஊன்றி அதன்மேல் சாய்ந்தார். நீலச் சாரக்காரருக்குப் பொறுக்கவில்லை. கயிற்றின் ஓரமாகக் குனிந்தார்.

"தம்பி, வெட்டேல்லை. இந்தப் புல்லை மட்டும் செருக்கி விடட்டோ?"

"புல்லும் ஏலாது. தேத்தண்ணி குடியுங்கோ."